புது அல்பம் வந்தால் எதில் கேட்டுவிட்டுக் கதைப்பது? திருகோணமலை ரசிகர்களுக்கு ஓர் ஒப்பீடு

வெள்ளிக்கிழமை ஒரு அல்பம் வருகிறது. சனி பின்னேரம் டச்சு பே கடற்கரையில் நாலு பேர் கூடினால் அதைப் பற்றி நாலு தீர்ப்பு. ஒருவருக்கு பேஸ் காணாது. ஒருவருக்குப் பாடகியின் குரல் அமுங்கிக் கிடக்கிறது. மூன்றாமவருக்கு எல்லாமே சத்தம். நாலாமவர் “சும்மா பின்னி எடுத்திருக்கிறார் மச்சான்” என்கிறார். ரசனை வேறு என்று சொல்லிவிட்டு எழும்பிப் போகலாம். ஆனால் விசாரித்தால், ஒருவர் ஃபோனின் சொந்த ஸ்பீக்கரில் கேட்டிருப்பார், ஒருவர் பாதி செருகிய ஹெட்செட்டில், ஒருவர் யாரோ திருட்டுத்தனமாக ஏற்றிய யூடியூப் பிரதியில். நாலு பேரும் ஒரே பெயருள்ள நாலு வெவ்வேறு ஒலிகளைக் கேட்டுவிட்டு வந்து சண்டை பிடிக்கிறார்கள்.

ஆகவே தீர்மானிக்க வேண்டியவை மூன்று: பாட்டை எங்கிருந்து எடுப்பது, எதில் கேட்பது, எப்போது வாய் திறப்பது. பெரும்பாலானோர் முதலாவதைப் பற்றியே மணிக்கணக்கில் வாதாடுவார்கள். உண்மையில் கூடிய வித்தியாசம் வருவது இரண்டாவதில்தான். 160 கேபிபிஎஸ் (செக்கனுக்கு இத்தனை கிலோபிட் என்ற ஒலித்தர அளவு) பாட்டுக்கும் 320 பாட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கக்கூடியவர்கள் குறைவு. உள்ளங்கையளவு புளூடூத் ஸ்பீக்கருக்கும் ஒழுங்கான வயர் ஹெட்செட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடிக்காதவர் எவருமில்லை. கையில் இருக்கும் காசு குறைவென்றால் செலவின் வரிசை இதுதான்: முதலில் ஹெட்செட், பிறகு மாதச் சந்தா, கடைசியில்தான் விலைக்கு வாங்கும் கோப்பு.

யூடியூப்: காசில்லை, ஆனால் கண் வேண்டும்

தமிழ்ப் பாட்டைப் பொறுத்தவரை யூடியூபைத் தவிர்க்க முடியாது. சினிமா அல்பங்கள் முழுசாக ஒரே நாளில் வருவதில்லை. ஒவ்வொரு பாட்டாக லிரிக் வீடியோ வரும், பிறகு எல்லாவற்றையும் சேர்த்த ‘ஜூக்பொக்ஸ்’ வரும், படம் வந்து கொஞ்ச நாளில் வீடியோ பாட்டு வரும். கிழக்கிலும் வடக்கிலும் சொந்தமாகப் பாட்டுச் செய்யும் இளைஞர்கள் பலரும் முதலில் ஏற்றுவது அங்கேதான். யூடியூபுக்கென்று தனி டேட்டா தரும் பெக்கேஜ் போட்டிருப்பவருக்கு இது இலவசம் போலவே தோன்றும்.

ஒலித்தரம் பயப்படும் அளவுக்கு மோசமில்லை. ஒலி 128 முதல் 160 கேபிபிஎஸ் வரை வரும். ஓபஸ் என்ற புதிய சுருக்கும் முறையில் வந்தால் அந்த அளவே போதுமான அளவு தெளிவு. படத்தின் தரத்தை 1080க்கு ஏற்றினால் ஒலி அதனோடு ஏறாது, டேட்டா மட்டும்தான் ஏறும்: 40 நிமிடத்துக்கு ஒரு ஜிபி அளவுக்குப் போகலாம். பாட்டு மட்டும் கேட்பதென்றால் படத்தை ஆகக் குறைந்த தரத்தில் வைத்துவிடுங்கள்.

கரைச்சல் வேறு இடத்தில். முதலாவது, எந்தப் பிரதி என்பது. ஒரே பாட்டு லிரிக் வீடியோவில் ஒரு நீளம், வீடியோ பாட்டில் இன்னொரு நீளம். படத்துக்காக இடையிசையை வெட்டியிருப்பார்கள், நடுவில் வசனம் வரும், அலைச் சத்தம் வரும். “இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வரும் வயலின் என்ன வயலின்!” என்று ஒருவர் உருக, மற்றவர் முழிப்பதற்குக் காரணம் இதுதான். அல்பத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வதென்றால் லிரிக் வீடியோ அல்லது ஜூக்பொக்ஸ். வீடியோ பாட்டு வேண்டாம்.

இரண்டாவது கரைச்சல் இதைவிடக் கள்ளத்தனமானது. உரிமையில்லாமல் ஏற்றுபவர்கள், யூடியூபின் தானியங்கிப் பரிசோதனையில் பிடிபடாமல் இருக்கப் பாட்டின் வேகத்தையோ சுருதியையோ கொஞ்சம் மாற்றிவிடுவார்கள். வேகம் 3 சதவீதம் கூடினால் சுருதி ஏறத்தாழ அரை அரைச்சுரம் ஏறும். தனியாகக் கேட்டால் பிழை என்று தெரியாது. குரல் மெலிந்து, பாடகர் மூக்கால் பாடுவது போல இருக்கும். “இந்த முறை அவர் குரல் சரியில்லை” என்ற விமர்சனங்களில் சில இப்படிப் பிறந்தவை. பிடிப்பது சுலபம். பாட்டின் நீளத்தை இசை நிறுவனத்தின் சொந்தச் சனலில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். 4 நிமிடப் பாட்டு 3 நிமிடம் 53 செக்கனில் முடிந்தால் அது 3 சதவீதம் வேகமாக ஓட்டப்பட்ட பாட்டு.

மூன்றாவது, விளம்பரம். ஒரு பாட்டின் கடைசி ஸ்வரம் அடங்கி அடுத்த பாட்டின் முதல் அடி விழுவதற்கு இடையில் உள்ள அந்த மௌனத்தையும் யோசித்துத்தான் அல்பத்தை அடுக்குகிறார்கள். அந்த இடத்தில் சவர்க்கார விளம்பரம் விழுந்தால் அல்பம் என்ற ஒன்று இல்லாமல் போகிறது. உதிரிப் பாட்டுகள்தான் மிச்சம். திரையை அணைத்தாலும் பாட்டு நின்றுவிடும். தனிப் பாட்டுக்கு யூடியூப் போதும், முழு அல்பத்துக்குக் காணாது.

மாதச் சந்தா: அப்போடு வரும் அமைப்புகளை அப்படியே நம்ப வேண்டாம்

ஸ்பொட்டிஃபை 2021 பெப்ரவரியில் இலங்கைக்கு வந்தது. அப்பிள் மியூசிக் அதற்கு முன்பிருந்தே இங்கே கிடைக்கிறது. ஐஃபோன் இல்லாதவரும் அண்ட்ரொய்டில் பாவிக்கலாம். இரண்டிலும் தமிழ்ச் சினிமா அல்பங்கள் தாராளமாக உண்டு. ஒழுங்கான வரிசை, சரியான நீளம், விளம்பரமில்லை. நண்பர்கள் கூட்டமாகக் கேட்டுக் கதைப்பதற்கு என் தெரிவு இதுதான். ஆனால் சந்தா கட்டிவிட்டு அமைப்புகளைத் தொடாமல் விட்டால் பாதிக் காசு வீண்.

ஸ்பொட்டிஃபையில் முதலில் ஒலித்தரம். வைஃபைக்கு ஒன்று, மொபைல் டேட்டாவுக்கு ஒன்று, டவுன்லோட் செய்வதற்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். ஒன்றை மாற்றினால் மற்றவை மாறாது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். டவுன்லோட் தரத்தை ‘வெரி ஹை’ (320 கேபிபிஎஸ்) ஆக்குங்கள். ஏற்கெனவே இறக்கிய பாட்டின் சத்தம் சந்தேகமாக இருந்தால் அழித்துவிட்டு மீண்டும் இறக்குங்கள். அடுத்து, ‘கிராஸ்ஃபேட்’டைப் பூச்சியமாக்குங்கள். அது ஒரு பாட்டின் வாலையும் அடுத்த பாட்டின் தலையையும் கலந்துவிடும், கல்யாண வீட்டுக்கு நல்லது. பாட்டுகளுக்கிடையில் வெட்டு விழாமல் தொடரவைக்கும் ‘கேப்லெஸ்’ இயங்க வேண்டும். ஷஃபிள் அணைந்திருக்க வேண்டும். ஈக்வலைசரையும் அணையுங்கள். ஃபோனின் சொந்த அமைப்புகளுக்குள் தனியாக டொல்பி, ‘3டி சத்தம்’ என்று ஏதாவது இருந்தால் அதையும்.

அப்பிள் மியூசிக்கில் இன்னொரு பொறி. 2021 ஜூனிலிருந்து அங்கே இழப்பில்லா ஒலி (சுருக்கும்போது எதையும் தொலைக்காதது) மேலதிகக் கட்டணமில்லாமல் கிடைக்கிறது, ஆனால் நீங்களாகத்தான் இயக்க வேண்டும். டொல்பி அட்மொஸோ பொருத்தமான கருவி கண்டால் தானாகவே இயங்கிவிடும். அட்மொஸ் என்பது அதே பாட்டின் இன்னொரு கலவை. தபேலா வேறு இடத்தில் நிற்கும், கோரஸ் பின்னால் போகும், மொத்தச் சத்தமும் குறைவாக இருக்கும். ஒருவர் அட்மொஸிலும் மற்றவர் ஸ்டீரியோவிலும் கேட்டுவிட்டு மிக்சிங்கைப் பற்றிச் சண்டை பிடிப்பதில் பொருளில்லை. கூட்டமாகக் கதைக்கும் அல்பத்துக்கு அட்மொஸை எல்லோரும் அணைத்துவிடுங்கள். தனியே பிறகு ரசிக்கலாம்.

சத்த அளவும் கவனிக்க வேண்டியது. ஸ்பொட்டிஃபை தன் வழமையான அமைப்பில் பாட்டுகளை மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குத் தெரியும் சத்தத்தின் அலகு, பூச்சியத்துக்குக் கிட்டப் போகப் போகச் சத்தம் கூடும்) என்ற அளவுக்குக் கொண்டுவரும். அப்பிளின் ‘சவுண்ட் செக்’ மைனஸ் 16ஐ ஒட்டி நிற்கும். யூடியூப் மைனஸ் 14க்கு மேல் கத்தும் பாட்டை இறக்கும், மெதுவான பாட்டை ஏற்றாது. எனவே ஒரே பாட்டை அப்பிளில் கேட்டுவிட்டு ஸ்பொட்டிஃபையில் போட்டால் 2 டெசிபல் அளவு கூடிக் கேட்கும். 2 டெசிபல் கூடினால் காது அதைச் சத்தமென்று கணக்கெடுக்காது, “இதில் நல்லாயிருக்கே” என்றுதான் சொல்லும். எந்த அப் சிறந்தது என்று வீட்டில் நடக்கும் பரிசோதனைகளில் பெரும்பாலானவை இந்த 2 டெசிபலில் தோற்றவை. ஒப்பிடுவதென்றால் முதலில் சத்தத்தைச் சமப்படுத்துங்கள். ஃபோனில் சத்தம் அளக்கும் இலவச அப் ஒன்று அதற்குப் போதும்.

டேட்டா கணக்கு 40 நிமிட அல்பத்துக்கு இப்படி வரும்: 96 கேபிபிஎஸ் என்றால் 29 எம்பி, 160 என்றால் 48, அப்பிளின் வழமையான 256க்கு 77, 320க்கு 96. இறுவட்டுத் தரத்தில் இழப்பில்லாமல் என்றால் பாட்டைப் பொறுத்து 200 முதல் 270 எம்பி வரை. 24 பிட், 192 கிலோஹேர்ட்ஸ் என்ற உச்சத்துக்குப் போனால் ஒரு ஜிபியைச் சுலபமாகத் தாண்டும். அந்த உச்சத்தைக் கேட்க ஃபோனுக்கு வெளியே தனி டாக் (டிஜிட்டல் கோப்பை ஒலிச் சைகையாக மாற்றும் கருவி) வேண்டும், அது இல்லாமல் இறக்குவது டேட்டாவைக் கடலில் கொட்டுவது. 2015 ஜூலை 10 முதல் உலகளவில் புது அல்பங்கள் வெள்ளிக்கிழமைதான் வருகின்றன. இரவு டேட்டா தனியாக உள்ள பெக்கேஜ்காரர்களுக்கு இது வாய்ப்பு. வியாழன் நள்ளிரவு தாண்டி இறக்கிவிட்டால் வெள்ளி காலை சிக்னல் பற்றிக் கவலையில்லை. ஸ்பொட்டிஃபையில் இறக்கியவை 5 கருவிகள் வரை இருக்கும். 30 நாளைக்கு ஒருமுறையாவது இணையத்தோடு இணைய வேண்டும், தவறினால் மறைந்துவிடும்.

நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து ‘ஃபமிலி’ திட்டம் எடுத்தால் மலிவு என்று ஒரு யோசனை அடிக்கடி எழும். ஆறு கணக்குகள் உண்டுதான், ஆனால் எல்லோரும் ஒரே விலாசத்தில் வசிக்க வேண்டும் என்பது நிபந்தனை. உவர்மலையில் ஒருவர், பாலையூற்றில் ஒருவர், கிண்ணியாவில் ஒருவர் என்று இருப்பவர்களுக்கு இது சரிவராது. கணக்கு நடுவில் துண்டிக்கப்பட்டால் இறக்கியவையும் போகும். டெபிட் காட்டில் கட்டுபவர்கள் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவை வங்கியில் இயக்கி வைத்திருக்கிறார்களா என்று முன்னரே பாருங்கள். முதல் மாதம் போய் இரண்டாம் மாதம் மறுக்கப்படுவதும் உண்டு, கணக்கில் அன்று காசில்லாவிட்டால்.

விலைக்கு வாங்குவது: எப்போது பொருள் உண்டு

பாண்ட்கேம்ப் போன்ற தளங்களில் அல்பத்தை ஒரேயடியாக வாங்கி, இழப்பில்லாத ஃபிளக் கோப்பாகவோ 320 எம்பி3யாகவோ இறக்கி வைத்துக்கொள்ளலாம். சினிமாப் பாட்டை அங்கே தேடிப் பயனில்லை. சுயாதீனக் கலைஞர்களுக்கான இடம் அது. டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுப்பது 15 சதவீதமும் கொடுப்பனவுச் செலவும், மிச்சம் கலைஞருக்கு.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஸ்பொட்டிஃபையில் 2024 முதல் ஒரு பாட்டு முந்தைய 12 மாதத்தில் 1000 தடவையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் அந்த ஒலிப்பதிவுக்குப் பங்குக் காசு. 30 செக்கன் கேட்டால் ஒரு தடவை. உங்கள் ஆறு பேர் கூட்டம் மட்டும் அந்த எல்லையைத் தாண்ட வைக்க வேண்டுமென்றால் ஆளுக்கு 167 தடவை அதே பாட்டைக் கேட்க வேண்டும். மூதூரிலோ மட்டக்களப்பிலோ படுக்கையறையில் பாட்டுச் செய்யும் ஒருவருக்கு அந்தக் கேட்டலைவிட ஒரு விற்பனை பெரிது. பெரிய நிறுவனத்தின் அல்பத்துக்குச் சந்தா, ஊர்ப் பிள்ளையின் அல்பத்துக்கு விலை என்று பிரித்துக்கொள்வது நியாயமாகத் தெரிகிறது.

இறுவட்டு விஷயத்தில் ஒரு மூடநம்பிக்கை உண்டு. இறுவட்டு என்றாலே தரம் என்பார்கள். நிறுவனம் அச்சிட்டது என்றால் சரி: 44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிட், ஒரு துளியும் இழப்பில்லை. ஆனால் பஸ் நிலையப் பக்கம் ஒரு காலத்தில் குவிந்து கிடந்த ‘150 பாட்டு’ தட்டுகள் எம்பி3 நிரப்பியவை. 700 எம்பி தட்டில் 128 கேபிபிஎஸ் என்றால் 12 மணி நேரம் அடங்கும். அந்த எம்பி3யையே திரும்ப ஓடியோ இறுவட்டாக எரித்துக் கொடுப்பதும் நடந்தது. வடிவில் இறுவட்டு, உள்ளே பழைய எம்பி3. அதற்கும் முந்திய ரெக்கோடிங் பார் காலத்தில், பட்டியல் எழுதிக் கொடுத்து கசெட்டில் பதிந்து வாங்கியவர்களுக்கு இந்தப் பிரதியின் பிரதி கதை புதிதல்ல.

சோதிக்க வழி உண்டு. ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, அலைவடிவக் காட்சியிலிருந்து, எந்த அலைவரிசை எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமுக்கு மாற்றுங்கள். முழுத்தர ஒலி 20 கிலோஹேர்ட்ஸ் வரை மெல்ல மெல்ல மங்கும். 128 எம்பி3யிலிருந்து வந்தது 16 கிலோஹேர்ட்ஸ் அருகில் கத்தியால் வெட்டியது போல நிற்கும். ஃபிளக் என்று பெயர் போட்டு யாராவது அனுப்பும் கோப்புக்கும் இதே சோதனைதான். ஒரு எச்சரிக்கை: பழைய ஒலிப்பதிவுகளில் இயல்பாகவே மேல் அலைகள் குறைவு, அவை மெதுவாகத்தான் மங்கும். நேர்கோடாக வெட்டப்பட்டிருக்கிறதா என்பதைப் பாருங்கள்.

இசைத்தட்டை இந்த ஒப்பீட்டில் வைக்கவில்லை. பக்கத்துக்கு 22 நிமிடம், ஈரப்பதம், ஊசிச் செலவு. ஆசை இருந்தால் வாங்கலாம், புது அல்பம் பற்றி வாரத்துக்குள் கதைப்பதற்கு அது வழியல்ல. வாட்ஸ்அப்பில் வரும் பாட்டும் அப்படியே; வொய்ஸ் நோட்டாகப் பதிந்து வந்ததைக் கேட்டு மிக்சிங்கைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லக்கூடாது.

எதில் கேட்பது

வயர் ஹெட்செட்டுக்குத்தான் என் முதல் ஓட்டு. புளூடூத்தில் பாட்டு இன்னொருமுறை சுருக்கப்பட்டுத்தான் போகும். எஸ்பிசி என்ற பொது முறையில் 328 கேபிபிஎஸ் அளவு, ஐஃபோன் பாவிக்கும் ஏஏசியில் 256ஐ ஒட்டி, எல்டாக் என்ற உயர்தர புளூடூத் முறை இருந்தால் 990 வரை. எனவே இழப்பில்லாச் சந்தா கட்டிவிட்டு சாதாரண புளூடூத்தில் கேட்பவர் கட்டிய காசில் ஒரு பகுதி காதுக்கு வந்து சேராது. நல்ல புளூடூத் ஹெட்போன் கெட்டதென்று அர்த்தமில்லை. அதில் கேட்பவருக்கு 320 தாராளம்.

ஹெட்போன் துளை இல்லாத ஃபோனுக்கு டைப்-சி இணைப்பி வாங்கும்போது உள்ளே டாக் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். டாக் இல்லாத மலிவான வகை சில ஃபோன்களில் மட்டும் வேலை செய்யும். மற்றவற்றில் செருகினாலும் பாட்டு ஃபோன் ஸ்பீக்கரிலேயே ஒலிக்கும்.

திருகோணமலைக்கே உரிய ஒரு பழுதை இங்கே சொல்ல வேண்டும். மூன்று பக்கமும் கடல், உப்புக் காற்று. ஹெட்செட் பின்னும் ஃபோனின் துளையும் கெதியாகக் கறுத்துப்போகும். இரண்டு காதுக்கும் பொதுவான மண் (எர்த்) இணைப்பு விடுபட்டால், இடது வலது இரண்டு சைகைகளும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு வரும். இரண்டு பக்கமும் சமமாகப் பதிந்தவை அழிந்துவிடும். பாட்டில் நடுவில் நிற்பது எது? பாடகரின் குரல், பேஸ், அடி மத்தளம். கேட்பவருக்குக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலவும், கோரஸும் எதிரொலியும் மட்டும் பெரிதாகவும் இருக்கும். “குரலை அமுக்கிவிட்டார்கள்” என்று ஒருவர் சொன்னால், மிக்சிங் செய்தவரைத் திட்டமுதல் அவருடைய பின்னைப் பாருங்கள். முழுசாகச் செருகியிருக்கிறதா? பின்னைச் சுத்தமான துணியில் ஐசோப்ரொப்பைல் அல்கஹோல் நனைத்துத் துடைத்து, காய்ந்த பின் செருகுங்கள். ஃபோனின் அணுகல் அமைப்புகளில் ‘மோனோ ஓடியோ’ தவறுதலாக இயங்குகிறதா என்பதையும் பாருங்கள். அது இயங்கினால் இடவலப் பிரிவே இருக்காது.

கையளவு புளூடூத் ஸ்பீக்கர் கூட்டத்துக்கு வசதிதான். உப்புவெளி மணலில் நடுவில் வைத்துக் கேட்க வேறெதுவும் பொருந்தாது. ஆனால் 5 சென்ரிமீற்றர் கூம்பு 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதையும் தராது. தவிலின் தொப்பிப் பக்கமும் எலக்ட்ரோனிக் பாட்டின் அடிபேஸும் அதில் ஊகம்தான். சத்தத்தைக் கூட்டினால் ஸ்பீக்கர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள பேஸைத் தானே குறைத்துவிடும். பெரும்பாலானவை மோனோ. கூடவே அலைச்சத்தம். அதில் அல்பத்தைக் கொண்டாடலாம். அதைக் கேட்டுவிட்டு ஒலியமைப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதுதான் பிழை.

மூன்றாவது வழி, அறையில் ஒரு சோடி ஸ்பீக்கர். சரியாக வைத்தால் கூட்டாகக் கேட்க இதற்கு நிகரில்லை. இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சம பக்க முக்கோணமாக, பக்கம் ஒன்றரை முதல் இரண்டு மீற்றர். சிறிய கூம்பு காதின் உயரத்தில். சுவரிலிருந்து ஆகக்குறைந்தது ஓரடி முன்னே. மூலையில் வைத்தால் பேஸ் வீங்கும். நம்முடைய வீடுகளில் சீமெந்துச் சுவர், மாபிள் தரை. நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். ‘ட்ரிங்’ என்று வால் நீண்டால், குரலின் மேல் அதே வால் விழும். தரையில் பாய் விரித்து, உட்காருபவருக்குப் பின் சுவரில் மெத்தையைச் சாய்த்து வைத்தால் போதும், முட்டைத் தட்டு ஒட்டுவது வீண்வேலை. 12 அடி நீள அறையில் 47 ஹேர்ட்ஸ் அருகே ஒரு சுரம் மட்டும் மற்றவற்றைவிட இரைந்து கேட்கும். அது பாட்டின் குற்றமில்லை, அறையின் நீளம். நாற்காலியைச் சுவரை விட்டு முன்னே இழுத்தால் குறையும். நல்ல இடம் ஒருவருக்குத்தான். ஐந்து பேருக்கு மேல் கூட்ட வேண்டாம், பாட்டுக்குப் பாட்டு இடம் மாறுங்கள்.

அறைக்கு எதிரி காலநிலை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஃபேன் இல்லாமல் அறைக்குள் இருக்க முடியாது. முழு வேகத்தில் சுற்றும் சீலிங் ஃபேன் 50 டெசிபலை அண்டிய இரைச்சல் தரும். மெல்லிய வீணை மீட்டலும், மூச்சும் அதற்குள் மூழ்கும். அந்த மாதங்களில் அறை அமர்வை விடியற்காலை ஆறிலிருந்து எட்டுக்குள் வையுங்கள், அல்லது ஹெட்செட்டுக்குப் போங்கள். மாரியில் தகரக் கூரை வீட்டில் மழை தொடங்கினால் பாட்டை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி போடலாம். பத்திரகாளி கோயில் திருவிழா நாட்களில் நகரத்துக்குள் அமர்வு வைக்க யோசிக்கவே வேண்டாம். கொழும்பு பஸ்ஸிலோ இரவு ரயிலிலோ முதல் கேட்டலை முடிப்பவர்களுக்கும் இதே சங்கதி. எஞ்சின் இரைச்சல் கீழ் அலைகளை விழுங்கும், அதை வெல்லச் சத்தத்தைக் கூட்டுவீர்கள், காது களைக்கும். வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 80 டெசிபலே எல்லை என்பது உலக சுகாதார அமைப்பின் வரையறை.

எப்போது, எப்படிச் சொல்வது

கேட்ட கையோடு சொல்வதா, ஆறவிட்டுச் சொல்வதா? உடனே சொல்வதில் சூடு உண்டு. மனதில் ஒட்டிக்கொண்ட மெட்டுத் துண்டை, முதல் அதிர்ச்சியைப் பிடிக்க அதுதான் வழி. ஆனால் முதல் கேட்டலில் காது பழக்கப்பட்டதைத்தான் தேடும். பழைய பாட்டைப் போல இருப்பது பிடிக்கும், புதிதாக இருப்பது உறுத்தும். இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். வெள்ளியன்று ஒரே ஒரு வரி. மூன்று தடவை முழுசாகக் கேட்டபின் அடுத்த வாரம் விரிவாக. முதல் தடவை இடையில் தாண்டாமல், இரண்டாம் தடவை வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு, மூன்றாம் தடவை நேரம் குறித்துக்கொண்டு. “இடையிசை நல்லாயிருக்கு” என்பதைவிட “2:14இல் புல்லாங்குழல் நுழையும்போது தாளம் நின்றுவிடுகிறது” என்று சொன்னால் எதிரில் இருப்பவர் அந்த இடத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு மறுக்கவோ ஏற்கவோ முடியும்.

கூட்டத்தில் கேட்டால், கதைக்கமுதல் எல்லோரும் கடதாசித் துண்டில் எழுதுங்கள். இல்லாவிட்டால் முதலில் வாய் திறப்பவரின் கருத்தே கூட்டத்தின் கருத்தாகிவிடும், அதிலும் அவர் வயலினோ கீபோர்டோ வாசிப்பவர் என்றால் மற்றவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். பத்துக்கு எத்தனை என்ற புள்ளி முறை உதவாது. எல்லாம் ஏழில் வந்து நிற்கும். நமக்குப் பழகிய ஓ-லெவல் முறை இதைவிட மேல்: பாட்டுக்குப் பாட்டு ஏ, பி, சி, எஸ், டபிள்யூ. டபிள்யூ போடுவதற்கு மனம் வராதவர்கூட எஸ் போடுவார். அதன் பிறகு ஒரு கேள்வி: அடுத்த மாதமும் எந்த மூன்று பாட்டைத் தேடிப் போடுவீர்கள்? ஏ போட்ட பாட்டு அந்த மூன்றில் இல்லாவிட்டால் அங்கிருந்து உரையாடலைத் தொடங்குங்கள்.

கிண்ணியாவிலும் நிலாவெளியிலும் இருப்பவர்களை ஒரே நேரத்தில் சேர்க்க ஸ்பொட்டிஃபையின் ‘ஜாம்’ உண்டு, 32 பேர் வரை. தூரத்திலிருந்து சேருபவர்கள் எல்லோரும் சந்தா கட்டியிருக்க வேண்டும். அது இல்லாத கூட்டத்துக்கு இன்னும் மலிவான வழி: எல்லோரும் முன்னிரவே அல்பத்தை வைத்துக்கொண்டு, குரூப் கோலில் ஒருவர் ஒன்று, இரண்டு, மூன்று சொல்ல, ஒரே நேரத்தில் பிளே. அழைப்பு திறந்திருக்கும்போது ஃபோன் பாட்டின் சத்தத்தைத் தானே இறக்கும், சில ஹெட்செட்டுகள் தொலைபேசித் தரத்துக்கே மாறிவிடும். அதனால் மூன்று எண்ணியதும் எல்லோரும் கோலைத் துண்டித்துவிடுங்கள். நடுவில் ஒருமுறை, ஐந்தாவது பாட்டு முடிந்ததும், மீண்டும் எடுத்துக் கதைக்கலாம்.